123 ஓட்டும் ஒரு உல்டா வழக்கும்

தேர்தல்ல தோத்தவர் கோர்ட்டுக்குப் போறது சகஜம். ஆனா, ‘இந்த மெஷினே வேணாம்’னு தேர்தலுக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போனவர், அதே மெஷின்ல ஜெயிச்சுட்டு, ‘மெஷின் ஓகேதான் யுவர் ஆனர்’னு வந்து நின்னா? நடந்திருக்கு பாஸ்! ரொம்ப தூரத்துல இல்ல, பக்கத்து கேரளாவுல.

1982 மே மாசம். எர்ணாகுளம் மாவட்டம், பறவூர் சட்டமன்றத் தொகுதி. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், அதாங்க நம்ம ஈ.வி.எம்., இந்தியாவில் முதன்முதலா தேர்தல் களத்துக்கு வந்தது அங்கேதான். மொத்தம் 84 வாக்குச்சாவடி. அதில் 50-ல் மெஷின், மிச்சத்துல வழக்கமான வாக்குச்சீட்டு. சி.பி.ஐ. வேட்பாளர் சிவன் பிள்ளைக்கு இது பிடிக்கலை. ஹைகோர்ட்டுக்குப் போனார். மனு தள்ளுபடி.

எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. சபாநாயகர்! சில மாசத்துக்கு முன்னாடிதான், சபையில் ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்க, காஸ்டிங் ஓட்டைப் போட்டுப் போட்டே கருணாகரன் மந்திரிசபையைத் தாங்கிப் பிடிச்சவர். ஒத்த ஓட்டோட அருமை அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

ரிசல்ட் வந்தது. பிள்ளை 30,450. ஜோஸ் 30,327. வித்தியாசம் வெறும் 123.

இப்ப சீன் அப்படியே உல்டா. மெஷினை எதிர்த்த பிள்ளை, மெஷின் பக்கம். அதுவரை மெஷினைப் பத்தி வாயே திறக்காத ஜோஸ், மெஷினுக்கு எதிரா. கேரள ஹைகோர்ட்டில் ஜோஸுக்குத் தோல்வி. விடாம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1984 மார்ச்சில் தீர்ப்பு: மெஷின் வச்ச 50 சாவடி வாக்குப்பதிவும் செல்லாது, சீட்டு வச்சு மறுபடி நடத்துங்க!

இதைக் கொஞ்சம் நிதானமா கவனிங்க. மெஷின்ல கோல்மால் நடந்துச்சுன்னு கோர்ட் சொல்லவே இல்லை. ‘சட்டத்துல வாக்குச்சீட்டுன்னுதான் இருக்கு. சட்டம் இருக்கிற இடத்துல அதை மீறி தேர்தல் ஆணையம் தானா ஒரு மெஷினைக் கொண்டுவர அதிகாரம் கிடையாது’ என்பதுதான் தீர்ப்போட சாரம். 1984 மே மாசம் மறுவாக்குப்பதிவு. ஜோஸ் சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிச்சார். பிறகு 1988-ல் சட்டத்தைத் திருத்தி, அடுத்த வருஷம் அமலுக்குக் கொண்டுவந்து, மெஷினுக்கு முறைப்படி கதவைத் திறந்துவிட்டாங்க. 2001-ல் தமிழ்நாடு, கேரளா உள்ளிட்ட மாநில சட்டசபைத் தேர்தல்கள், 2004-ல் நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தல்... முழுக்க முழுக்க மெஷின்தான்.

(நடுவுல ஒரு குட்டித் தகவல். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த மெஷினை உருவாக்கினதில் முக்கியப் பங்கு யாருக்குன்னு தெரியுமா? நம்ம எழுத்தாளர் சுஜாதாவுக்கு. கணேஷ்-வசந்த் கதை எழுதின அதே கைதான்!)

பறவூர் கதை முடிஞ்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அந்த உல்டா சீன் மட்டும் ரிப்பீட் ஆகிட்டே இருக்கு. 2009 தேர்தல்ல தோத்ததும் மெஷின் மேல சந்தேகம் கிளப்பினது பா.ஜ.க. தலைவர்கள். 2014-க்கு அப்புறம் அதே கேள்வியைக் காங்கிரஸும் மத்த எதிர்க்கட்சிகளும் எடுத்துக்கிட்டாங்க. ஜெயிச்ச மாநிலத்துல யாரும் மூச்சு விடறதில்லை. இதைப் பார்த்துட்டு, ‘எல்லாம் தோத்தவன் புலம்பல்’னு ஒதுக்கித் தள்ளிடலாம்னு தோணும். எனக்கு அப்படித் தள்ள மனசு வரலை. ஏன்னா, ரிசல்ட்டை நம்ப வைக்க வேண்டியதே தோத்தவரைத்தானே? ஜெயிச்சவருக்கு நீங்க கணக்கே காட்ட வேணாம், சந்தோஷமா மாலையைப் போட்டுக்கிட்டுப் போயிடுவார்.

அப்படின்னா பழையபடி சீட்டுக்கே போயிடலாமான்னு கேட்கறீங்களா? சண்டிகரைப் பாருங்க. 2024 ஜனவரி 30, மேயர் தேர்தல். மொத்தமே 36 ஓட்டு. மெஷின் கிடையாது, எல்லாம் சீட்டு. எண்ணி முடிச்சு, 8 சீட்டு செல்லாதுன்னு தேர்தல் அதிகாரி அனில் மசி அறிவிச்சார். எட்டும் ஆம் ஆத்மி-காங்கிரஸ் வேட்பாளர் குல்தீப் குமாருக்கு விழுந்த ஓட்டு. 20 ஓட்டு வாங்கியிருக்க வேண்டியவர் 12-ல் நிற்க, 16 வாங்கின பா.ஜ.க. வேட்பாளர் மேயர்! ஆனா தலைக்கு மேல கேமரா ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. அதிகாரியே பேனாவால சீட்டுல கிறுக்கறது அதில் தெளிவா பதிவாகி இருந்தது. சுப்ரீம் கோர்ட் அந்தச் சீட்டுகளையே டெல்லிக்கு வரவழைச்சுப் பார்த்து, பிப்ரவரி 20-ந்தேதி குல்தீப் குமார்தான் மேயர்னு அறிவிச்சிடுச்சு. மூணே வாரம்!

அதாவது, காகிதம் புனிதம், மெஷின் பாவம்னு எதுவும் இல்லை. அங்க காப்பாத்தினது கேமரா.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. ஹரியானா, பானிபட் மாவட்டத்துல புவானா லாக்கு என்கிற கிராமம். 2022 நவம்பர்ல பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல், மெஷின் வச்சுத்தான் நடந்தது. ஒரே ஒரு சாவடிக் கணக்குல ரெண்டு வேட்பாளர்களோட எண்ணிக்கை இடம் மாறிப்போச்சுன்னு பிரச்னை. வழக்கு ஏறி ஏறி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக, மெஷின்களையே கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்லி, அங்கேயே மறுபடி எண்ணினாங்க. தோத்ததா சொல்லப்பட்டவருக்கு 1,051. மத்தவருக்கு 1,000. 2025 ஆகஸ்ட்ல ரிசல்ட் மாறிடுச்சு! மெஷின் சரியாத்தான் ஞாபகம் வச்சிருந்தது, காகிதத்துல எழுதின மனுஷ வேலைதான் தப்பு. ஆனா பஞ்சாயத்துப் பதவிக்காலத்துல பாதிக்கு மேல போயே போச்சு.

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் இந்தத் தாமதம்தான். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் முடிவை எதிர்த்து 45 நாளுக்குள் ஹைகோர்ட்டில் மனு போடணும். ஒரு நாள் லேட்டானாலும் அவ்வளவுதான், கேட்டை மூடிடுவாங்க. அந்த மனுவை ஆறு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. மனுப் போடறவருக்கு 45 நாள் என்பது கறார். கோர்ட்டுக்கு ஆறு மாசம் என்பது... முயற்சி!

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2016, ராதாபுரம். தி.மு.க.வின் அப்பாவு 49 ஓட்டில் தோத்தார். 203 தபால் ஓட்டைச் செல்லாதுன்னு ஒதுக்கினது சரியா என்பதுதான் சண்டை. நடுநிலைப்பள்ளி தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா, செல்லாதா? இதைத் தீர்மானிக்க 2019 அக்டோபர் ஆச்சு. அந்த ஓட்டுகளையும் கடைசி மூணு சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை ஹைகோர்ட். எண்ணியும் முடிச்சாங்க. ஆனா ரிசல்ட்டை வெளியிடக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் தடை. 2021-ல் அந்த சட்டசபையோட ஆயுளே முடிஞ்சு போச்சு, எண்ணின கணக்கு அதுக்குள்ள வெளிய வரலை. அடுத்த தேர்தல்ல அப்பாவு ஜெயிச்சு சபாநாயகராவே ஆயிட்டார், அது வேற கதை. அஞ்சு வருஷம் தங்களோட நிஜ எம்.எல்.ஏ. யாருன்னு ராதாபுரத்துக்காரங்களுக்குச் சொல்ல யாரும் இல்லையே!

நியாயமா சொல்லணும்னா, கணக்குக் காட்டற வசதிகள் முன்னைவிட இப்ப எவ்வளவோ கூடியிருக்கு. சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதால வந்ததுதான் வி.வி.பாட். நீங்க பட்டனை அழுத்தினதும் கண்ணாடிக்குள்ள ஏழு செகண்ட் ஒரு சீட்டு தெரியுமே, அதேதான். அந்த ஏழு செகண்ட் மொபைல் ஞாபகத்துல இருக்காம அதைப் பாருங்க. சின்னம் மாறி விழுந்தா அங்கேயே அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்து சோதனை ஓட்டுக் கேட்க விதி இருக்கு (சும்மா விளையாட்டுக்குக் கேட்டா தண்டனையும் இருக்கு, ஜாக்கிரதை). 2019-ல் இருந்து ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அஞ்சு சாவடி சீட்டுகளை எண்ணி மெஷினோட ஒப்பிடறாங்க. சீட்டு முறைக்குத் திரும்ப மாட்டோம்னு 2024 ஏப்ரல்ல சொன்ன சுப்ரீம் கோர்ட், ரெண்டாவது, மூணாவது இடம் வந்தவங்க ஏழு நாளுக்குள்ள எழுதிக் கேட்டா 5 சதவீத மெஷின்களைச் சோதிச்சுக் காட்டணும்னும் சொல்லியிருக்கு. செலவு கேட்கறவரோடது. கோல்மால் நிரூபணம் ஆனா பணம் வாபஸ்.

ஒரு கை கொடுக்கும்போது இன்னொரு கை பிடுங்குது பாருங்க, அதுதான் உறுத்துது. 2024 டிசம்பர்ல தேர்தல் நடத்தை விதி 93-ஐத் திருத்தி, சி.சி.டி.வி. பதிவு மாதிரி மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க முடியாதபடி பண்ணிட்டாங்க. ஓட்டுப் போடறவங்களோட அந்தரங்கம், பாதுகாப்புன்னு காரணம் சொல்றாங்க. அதில் நியாயம் இல்லாம இல்லை, யார் வந்தா, யார் வரலைன்னு ஊருக்கே தெரிஞ்சா கிராமத்துல வம்புதான். ஆனா சாவடிக்குள்ள வர்ற வாக்காளர் முகம் வேற, எண்ணும் மேஜையில அதிகாரியோட கை வேற. ரெண்டையும் ஒரே பூட்டால பூட்டினா, அடுத்த சண்டிகரை யார் கண்டுபிடிப்பாங்க?

சரி, கேம்பஸுக்கு வருவோம். மாணவர் பேரவைத் தேர்தலுக்கு லிங்டோ கமிட்டி 2006-ல் விதிமுறை கொடுத்து, சுப்ரீம் கோர்ட்டும் அதை அமல்படுத்தச் சொல்லியிருக்கு. அச்சடிச்ச போஸ்டர் கூடாது, ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக் கூடாதுங்கிறதெல்லாம் உங்களுக்கே மனப்பாடமா இருக்கும். கண்ல படாம போறது இன்னொண்ணு: புகார் வந்தா விசாரிக்க ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்கணும். அதில் பேராசிரியர்களோட, ஃபைனல் இயர் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேர், ஒரு பையன், ஒரு பொண்ணு. எலக்‌ஷன் நடக்கற காலேஜ்ல நீங்க இருந்தா, அந்த ரெண்டு பேர் யாருன்னு ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க. தோத்தப்புறம் தேடினா ஆபீஸ் ரூம்ல, ‘திங்கட்கிழமை வாப்பா’ம்பாங்க.