கட்டத்துள் மறைந்த பொருள்



மர்பி டவுனில் நம்மவர் வீடுகளில் வளரும் இளைஞர் பலர், கைப்பேசியிலும் கணினியிலும் புதிர் விளையாட்டுகள் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்கள் ஓய்வதில்லை. அந்தக் கறுப்புக் கனசதுரம் எதைக் குறிக்கிறது, சுவரில் மாட்டிய படத்திற்கு உட்பொருள் யாது என்று நெடுநேரம் வாதிடுகின்றனர். பெற்றோர் சிலர் இதனைக் கேட்டு அஞ்சுகின்றனர். வேறு சிலர் எள்ளி நகைக்கின்றனர். அஞ்சுவதும் வேண்டா, நகைப்பதும் வேண்டா என்பது நம் கருத்து. ஆயினும் இதில் ஆராய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறைபொருள் உண்மையாகவே இருக்கிறதா, அன்றி ஆடுபவர் தம் உள்ளத்திலிருந்து எடுத்து வைத்ததா என்று எவ்வாறு அறிவது?

இளைஞர் பேசிக்கொள்ளும் தொடர்களுள் ஒன்று ‘ரஸ்டி லேக்’ என்பது. நெதர்லாந்து நாட்டினரான ராபின் ராஸ், மார்ட்டன் லோய்சே என்னும் இருவர் 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. ஓர் ஏரி, அதன் நடுவே ஒரு விடுதி, மனித உடலும் விலங்கின் தலையும் கொண்ட மாந்தர், மனிதரின் நினைவுகளை அடைத்து வைத்த கனசதுரங்கள் ஆகியவை அதில் வரும். டேவிட் லிஞ்ச் என்னும் அமெரிக்க இயக்குநரின் ‘ட்வின் பீக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தமக்குத் தூண்டுதல் தந்ததை அதனைப் படைத்தோரே கூறியுள்ளனர். ஒரு பகுதி ஓவியர் வான்கோவின் ஆர்ல்ஸ் நகரப் படுக்கையறையில் நிகழ்கிறது. 2018இல் வந்த மற்றொரு பகுதி, விவிலியத்தில் எகிப்து நாட்டைத் தாக்கிய பத்து வாதைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு கட்டப்பட்டது. இவற்றை அறிந்துகொள்ளக் கற்பனை தேவையில்லை. எண்ணிப் பார்த்தாலே விளங்கும்.

இதற்கு மேலே செல்லும்போதுதான் வழி வழுக்குகிறது. அத்தொடரில் காக்கைத் தலையுடைய ஒருவரும் ஆந்தைத் தலையுடைய ஒருவரும் உள்ளனர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் திருக்குறளும் பஞ்சதந்திரமும் படித்தவன் என்று வைத்துக்கொள்வோம். ‘காலமறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் காக்கையையும் கூகையையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் அவ்விரு பறவைக் கூட்டங்களின் போரே. ஆகையால் அந்த டச்சுக்காரர்கள் நம் நூல்களைக் கற்றே இதனைச் செய்தனர் என்று அவன் சொல்லலாம். கேட்பதற்கு நமக்கும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அவ்விளையாட்டில் காக்கையும் ஆந்தையும் பகைவர் அல்லர். ஒரே பக்கத்தில் நிற்பவர். பகையை நீக்கிவிட்டால் நம் விளக்கத்தில் எஞ்சுவது இரண்டு பறவைகள் மட்டுமே. ஓர் அழகான கருத்தை ஒரு சிறு செய்தி வீழ்த்திவிடுகிறது. பிள்ளைகள் இதனைத் தாமே கண்டுபிடிப்பார்களாயின், அவர்கள் ஆடிய பொழுது வீண்பொழுதன்று.

இத்தகைய தொடர் விளையாட்டுகளைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. காலையில் பெங்களூரில் ரயிலேறினால் முற்பகலிலேயே மைசூர் சேரலாம். அந்நகரில் 1794 முதல் 1868 வரை வாழ்ந்த மும்முடி கிருஷ்ணராஜ உடையார், இந்தியாவில் புதிர்களையும் பலகை ஆட்டங்களையும் படைத்தோருள் தலையாயவர் என்று கூறத் துணிவோம். குழந்தைப் பருவத்தில், 1799ஆம் ஆண்டில், அவர் அரியணை ஏறினார். 1831இல் ஆங்கிலேயர் நாட்டின் நிர்வாகத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். 1834 முதல் 1861 வரை மார்க் கப்பன் கமிஷனராக இருந்து ஆண்டார். நாம் உலாவச் செல்லும் கப்பன் பூங்கா அவர் பெயரையே தாங்கியுள்ளது. மன்னர் பட்டத்துடன், ஆளும் உரிமையின்றி, தம் வாழ்நாளின் கடைசி 37 ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் வகுத்த கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டுகள் பல வகைப்படும். வடநாட்டில் வழங்கிய தசாவதாரக் கட்டில் பத்து அவதாரங்களுக்குப் பத்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 120 சீட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அரசன், அமைச்சன் என இரண்டு படச் சீட்டுகளே உண்டு. மைசூரில் இது பெருகிற்று. சாமுண்டேசுவரி பெயரில் அமைந்த கட்டில் மட்டும் 320 சீட்டுகள். நவக்கிரகங்களுக்கு ஒரு கட்டு, பஞ்சபாண்டவர்க்கு ஒரு கட்டு. படச் சீட்டுகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது. இவற்றை முழுவதும் ஆடி முடிக்க எத்தனை இரவு வேண்டுமோ என்று மலைப்பு உண்டாகிறது. அரண்மனைவாசிகளுக்குப் பொழுது இருந்தது போலும்!

இங்கே ஒரு விளக்கம் தானே எழுகின்றது. வெளியே அரசவையை இழந்த மன்னர், சீட்டுக்கட்டில் ஓர் அரசவையை விரித்துக் கட்டினார். ஆங்கிலேயரால் பறிக்க இயலாத நாட்டைப் பலகையில் அமைத்தார் என்பது. நெஞ்சைத் தொடும் விளக்கம்தான். ஆனாலும் ஒரு தடை உண்டு. அக்பர் பேரரசர் காலத்தில் கஞ்சீபாக் கட்டு 144 சீட்டுகளாக இருந்ததையும், அதன் வரிசைகளில் அக்பர் திருத்தம் செய்ததையும் அயினி அக்பரி கூறுகிறது. அக்பர் ஆட்சியை இழந்தவரல்லர். நாளும் நாட்டை விரித்துக்கொண்டிருந்தவர். ஆகவே சீட்டைப் பெருக்குவது துயரத்தின் அறிகுறி என்று கொள்வதற்கில்லை. மன்னர்க்கு ஆட்டத்தில் விருப்பம் இருந்தது, அதற்குப் பொழுதும் பொருளும் இருந்தன என்று சொல்லி நிறுத்துவதே நேர்மை. துயரமும் உடன் இருந்திருக்கலாம். அதனைச் சீட்டு நமக்குச் சொல்லவில்லை.

மைசூர் விளையாட்டுகளில் நாம் பெரிதும் மதிப்பது வேறொன்று. தம் காலத்தில் தொகுக்கப்பெற்ற ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருநூலில் மன்னர் இறையுருவங்களின் இலக்கணத்தை ஒன்பது நிதிகளாகப் பிரித்து வைத்தார். ஒன்பதாவதான கௌதுகநிதியில் விளையாட்டுகள் இடம்பெறுகின்றன. எந்தத் தெய்வத்திற்கு எந்த நிறம், எந்தக் கையில் எந்தப் படைக்கலம் என்பன எழுத்திலும் ஓவியத்திலும் உள்ளன. அஃதாவது, பூட்டைச் செய்தவரே திறவுகோலையும் செய்து மக்கள் காணும்படி வைத்துவிட்டார். அங்கே ஊகத்திற்கு வேலை குறைவு. அப்படியும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அதே கௌதுகநிதியிலுள்ள 122 ஆசனப் படங்களைக் கொண்டு, இன்றைய யோகப் பயிற்சியின் ஒரு பகுதி மைசூர் அரண்மனையின் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்ததென்று ஸ்யோமன் என்னும் ஆய்வாளர் 1996இல் எழுதினார். அன்று மூண்ட வழக்கு வேறு கதை.

மன்னர் சதுரங்கக் குதிரையின் புதிரிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 64 கட்டங்களையும் குதிரை ஒவ்வொன்றாக, ஒரு கட்டத்தை இருமுறை மிதியாமல் சுற்றிவர வேண்டும். அது மிதித்த வரிசையை 1 முதல் 64 வரை எழுதினால், சில அரிய சுற்றுகளில் எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்த நிரலைக் கூட்டினாலும் 260 வரும். இவ்வகைச் சுற்று ஒன்றை இங்கிலாந்தில் பெவர்லி என்பவர் 1848இல் வெளியிட்டார். இரு மூலைவிட்டங்களும் 260 ஆக வருமா என்ற ஐயம் 2003 வரை தீரவில்லை. அவ்வாண்டு கணினியைக் கொண்டு எல்லா வழிகளையும் தேடி, அத்தகைய சுற்று ஒன்றுமில்லை என்று முடிவு கண்டனர்.

இந்த 260ஐ ஒரு மறைபொருள் விரும்பியின் கையில் கொடுத்துப் பாருங்கள். நடு அமெரிக்காவின் மாயர்கள் 260 நாள் கொண்ட நாட்காட்டி ஒன்றைப் போற்றினர். போதாதா? சதுரங்கத்திற்கும் மாயருக்கும் உறவு என்று நூலே எழுதிவிடுவர். ஆனால் 1 முதல் 64 வரை கூட்டினால் 2080. அதனை எட்டு வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் 260. எண் தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. மாயரை அழைக்க வேண்டிய தேவை எழவில்லை.

உண்மையான மறைபொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் நம் நாட்டிலேயே காணலாம். காஞ்சிக்கு அருகே தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், அரங்கன் திருவடிநிலையைப் பாடிய ‘பாதுகா சகசிரம்’ என்னும் 1008 சுலோகங்கள் கொண்ட வடமொழி நூலில், சித்திரப் பத்ததி என்று ஒரு பகுதியை வைத்தார். அதில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளை, நான்கு வரிசையும் வரிசைக்கு எட்டுக் கட்டமுமாக எழுத வேண்டும். பின்னர் முதற் கட்டத்தில் குதிரையை வைத்து, அது தாவும் வழியே எழுத்துகளைப் படித்தால், அடுத்த சுலோகம் முழுமையாக வரும். அதற்கும் தனிப் பொருள் உண்டு. இதில் ஐயத்திற்கே இடமில்லை. விதியைப் பின்பற்றும் எவருக்கும் அதே விடை கிடைக்கும். விதியை மாற்றினால் வெறும் ஒலிக்குவியல் மிஞ்சும். சீரங்கம் படையெடுப்புக்கு ஆளான நாளில் தேசிகர் கன்னட நாட்டில் சத்தியாகலத்திலும் மேல்கோட்டையிலும் தங்கியிருந்தார் என்பது மரபு. நம்மைப் போல் ஊர் பெயர்ந்து வந்து இப்பக்கம் வாழ்ந்தவர் என்று எண்ணுகையில் ஒரு தனி நெருக்கம் தோன்றுகிறது. தமிழிலும் மாலைமாற்று, எழுகூற்றிருக்கை, நாகபந்தம் எனச் சித்திரகவிகள் பல உள. தண்டியலங்காரம் அவற்றுக்கு இலக்கணம் வகுத்துள்ளது.

வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் ஆடும் பரமபதத்திற்கும் மறைபொருள் கூறுவோர் உண்டு. அதில் மறைவு ஏது? ஏணி நற்செயல், பாம்பு தீச்செயல், உச்சியில் பரமபதம் என்று பலகையே பேசுகிறது. மறைந்திருப்பது அதன் வரலாறுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மராட்டிய ஞானி ஞானதேவர் இதனைப் படைத்தார் என்று எங்கும் எழுதப்படுகிறது. அதற்குச் சான்று காட்டுவார் இல்லை. எஞ்சியுள்ள பழம்பலகைகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சார்ந்தவை. ஞானதேவர்க்குப் பெருமை சேர்க்க அவர் பாடல்களே போதும். பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் அட்டையில் எழுதிக்கொண்டு போகும்போது அந்த வரியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இனிக் கூறப்போவது சற்று வருத்தமான செய்தி. 2017ஆம் ஆண்டில் ‘நீலத் திமிங்கலம்’ என்ற விளையாட்டு பிள்ளைகளை உயிர்விடத் தூண்டுகிறது என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் பரவியது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பெற்றோர் பிள்ளைகளின் கைகளைப் புரட்டிப் பார்த்தனர். நோட்டுப் புத்தகத்தில் மீன் படம் இருந்தாலும் மனம் பதைத்தது. 2018 சனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விடை யாதெனில், ஆராயப்பட்ட எந்த மரணத்திலும் அந்த விளையாட்டின் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே. இறந்த பிள்ளைகளின் துயரம் பொய்யன்று. அத்துயரத்திற்கு வேறு காரணங்கள் இருந்தன. நாமோ திமிங்கலத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். தேர்வு, வீட்டுச் சச்சரவு, பள்ளியில் பட்ட அவமானம் ஆகியவற்றைப் பற்றி ஒரு பிள்ளையிடம் அமர்ந்து கேட்பது கடினம். அடையாளம் தேடுவது எளிது. பிள்ளையின் முகம் வாடியிருந்தால், தாய்மார்களே, கைப்பேசியைப் பறிக்கும் முன் அருகில் அமர்ந்து பேசுங்கள். பேச்சு வளராவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

புதிர் விளையாட்டில் ஈடுபட்ட பிள்ளையிடம் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு வழியும் கூறுவோம். “இதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். அவன் சொன்னதும், “இதனைப் பொய்யாக்கக்கூடிய செய்தி அந்த ஆட்டத்தில் எங்கேனும் உண்டா?” என்று மேலும் கேளுங்கள். காக்கை ஆந்தைக் கதையில் நாம் கண்டது அதுவே. அவன் தேடிக்கொண்டு வருவான். இரவு உணவு வரைக்கும் பேச்சு நீளும்.

இத்திங்களுக்கு உரிய புதிர் இதோ. தாளில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். குதிரை இரண்டு கட்டம் நேரே சென்று ஒரு கட்டம் பக்கவாட்டில் வைக்கும் என்பது அறிந்ததே. மூலைக் கட்டத்தில் தொடங்கி, எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே மிதித்துச் சுற்ற இயலும், வழியைக் கண்டுபிடியுங்கள். ஆனால் மூலையை அடுத்த கட்டத்தில் தொடங்கினால் ஒருநாளும் முடியாது. ஏன் முடியாது என்பதே வினா. சதுரங்கப் பலகையைப் போல் கட்டங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் தீட்டிப் பார்ப்போர் காரணத்தை விரைவில் காண்பர். வீட்டில் சிறியோரும் பெரியோரும் சேர்ந்து முயலலாம். விடைகளை இம்மாத முடிவுக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால், சரியானவற்றை அடுத்த இதழில் பெயருடன் வெளியிடுவோம்.