மூணு மாசத்தில் ரேட்டிங் வருமா? செஸ் முன்னேற்றத்தின் உண்மையான கணக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அடுத்து வருவது, "எத்தனை மாசத்துல சார் ரேட்டிங் வரும்?" என்ற கேள்வி. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியில் அவசரம் கூடிவிட்டது.

பெரியவர்களுக்கும் இதே கவலை உண்டு. தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் ஆபீஸ் போகும் வழியில் மொபைலில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுபவர்கள் ஏராளம். "ரெண்டு வருஷமா தினமும் ஆடுறேன், பாயின்ட் ஏறவே மாட்டேங்குதே" என்பது அவர்களின் புலம்பல். இரண்டு கேள்விகளுக்கும் மாதக் கணக்கில் பதில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சாம்பியன்களுக்கு எவ்வளவு காலம் ஆனது?

குகேஷ் 7 வயதில் செஸ் கற்றுக்கொண்டார். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். ஆறு வருடம்கூட ஆகவில்லை. ஆனால், நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. மருத்துவரான அவருடைய அப்பா தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுப் போட்டிகளுக்கு உடன் சென்றார். பிரக்ஞானந்தா 2016-ல் 10 வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். அவருக்கே அங்கிருந்து கிராண்ட் மாஸ்டர் ஆக இரண்டு வருடம் தேவைப்பட்டது. 6 வயதில் அம்மாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனது 1988-ல். அதாவது, ஏறத்தாழ 12 வருடம்.

இவர்கள் எல்லாம் நாட்டிலேயே வேகமாக வளர்ந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகும் பிள்ளையை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

ஆய்வு சொல்வது என்ன?

அர்ஜென்டினா செஸ் வீரர்களிடம் கோபே, காம்பிடெல்லி என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. 2200 புள்ளி என்ற மாஸ்டர் நிலையைத் தொட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சராசரி சுமார் 11,000 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வருடத்துக்கு 365 மணி நேரம்தான் சேரும். அந்த வேகத்தில் 3,000 மணி நேரத்துக்கே எட்டு வருடம் தாண்டும். சராசரியைத் தொட 30 வருடம் ஆகும்.

எல்லோரும் மாஸ்டர் ஆக வேண்டியதில்லை. ஆனாலும் இந்த எண்களில் ஒரு பாடம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஏழு, எட்டு மடங்கு வித்தியாசம் வருகிறது. ஒரே பேட்ச்சில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

ரயில் ஆட்டம் ஏன் போதாது?

1973-ல் சேஸ், சைமன் என்ற அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில விநாடிகள் காட்டியபோது, தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து அடுக்கினார். காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டியபோது, புதியவரைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. காய்கள் சேர்ந்து நிற்கும் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் மனதில் பதிந்திருப்பதுதான் அவருடைய பலம்.

நின்று நிதானமாகப் பார்த்தால்தான் அப்படிப் பதியும். மூன்று நிமிட ஆட்டத்தில் குதிரையைச் சும்மா விட்டுக்கொடுத்தவர், ஏன் என்று பார்க்காமல் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார். பல்லாவரம் வருவதற்குள் அதே தப்பை மறுபடியும் செய்கிறார். கையில் வேகம் ஏறுகிறது, ஆட்டம் அப்படியே நிற்கிறது. தனியாக உட்கார்ந்து படித்த நேரமே ஆட்டத் திறனோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று 2005-ல் வெளியான சார்னஸ் குழுவினரின் ஆய்வும் சொல்கிறது.

ரேட்டிங் எண் ஏமாற்றலாம்

2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங்கின் அடித்தளம் 1400. அதற்கு முன்பு 1000-ஆக இருந்தது. ரேட்டிங் பெற, ஏற்கனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். கணக்கில் 1400-ம் வர வேண்டும். ஆகவே, பிள்ளைக்கு இன்னும் ரேட்டிங் வரவில்லை என்பதற்காக அது எதுவும் கற்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ரேட்டிங் வந்த பிறகும் எண் குதிக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருக்கும்வரை, ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு 40 ரேட்டிங் புள்ளி கூடும் அல்லது குறையும். சமபலமுள்ளவர்களோடு ஒன்பது ஆட்டம் ஆடினால் எதிர்பார்ப்பு 4.5 புள்ளி. பிள்ளை 3 எடுத்தால் ஒரே போட்டியில் 60 போய்விடும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் செஸ் போர்டை மூட்டை கட்ட வேண்டாம்.

200 புள்ளி ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஆட்டக்காரர் தன் பழைய ஆட்டத்தோடு நான்கு முறை மோதினால், மூன்று புள்ளி எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். மூணு மாசத்தில் அதற்கு யாரும் கேரண்டி தர முடியாது. தருவதாக விளம்பரம் செய்பவர்களிடம் முன்பணம் கட்டும் முன் யோசிப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

வாரத்துக்கு ஒரு நீண்ட ஆட்டமாவது ஆட வேண்டும். நகர்த்தல்களை எழுதிவைத்து, கம்ப்யூட்டரிடம் கேட்பதற்கு முன் தன் தப்பைத் தானே தேட வேண்டும். தினமும் 20 நிமிடம் புதிர்கள் போடலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் எளிய இறுதி ஆட்டங்களைக் கற்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடைசி 20 ஆட்டங்களை எடுத்து, எத்தனையில் காயைச் சும்மா விட்டுத் தோற்றோம் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த எண் குறைந்தால் ஆட்டம் வளர்கிறது; ரேட்டிங் பின்னாலேயே வரும்.

பெற்றோர் அகாடமியில் கேட்க வேண்டியது, "என் பிள்ளை ஆடின ஆட்டத்தை யாராவது கூட உட்கார்ந்து பார்ப்பீங்களா?" என்று. போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்பதற்கு முன், "இன்னைக்கு எந்த இடத்துல ரொம்ப நேரம் யோசிச்சே?" என்று கேட்கலாம். தோற்றுவிட்டு வந்த பிள்ளையும் அதற்குப் பதில் சொல்ல முடியும்.