கோயில் சந்து தோசைக்கடையை நாமே மூட வச்சிடக் கூடாது

பசியாறியாச்சா?

தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்க "டிபன் ஆச்சா"னு கேட்பாங்க. நாம பசியாறியாச்சானுதான் கேட்போம். தோட்டத்துல புழங்கிய சொல்லு, தோட்டம் போன பிறகும் நம்மகூட வருது.

2024 டிசம்பரில் பராகுவே நாட்டில் கூடிய யுனெஸ்கோ கூட்டத்தில், மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூணும் அதில் இருக்கு. அன்னைக்கு நம்ம வாட்சாப் குழுவில் கைதட்டல் படமா வந்து குவிஞ்சது. ஆனா யுனெஸ்கோ பாராட்டினது சமையல் குறிப்பை மட்டும் இல்லை. பல இனத்துக்காரங்க ஒண்ணா உட்கார்ந்து பசியாறுற பழக்கத்தைத்தான் பாராட்டினாங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

விஷயத்துக்கு வரோம். ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் எல்லாருக்கும் இலவசமா பசியாற கொடுக்கலாம், வாராவாரம் கேட்டரிங்கில் எடுத்துக்கலாம்னு ஒரு யோசனை ஓடுது. நல்ல மனசோட சொன்னதுதான். அன்னதானத்துக்கு நாங்க எதிரி இல்லை. தைப்பூசத்துக்கு விடிய விடிய அண்டா கழுவுற கூட்டமே நாங்கதான். ஆனா இந்த வாராவார இலவசத்துக்குத் தொண்டர்கள் நாங்க நாலைஞ்சு பேரு சம்மதிக்கலை. காரணம், சந்து முனையில் குடை போட்டு தோசை சுடுற அக்கா.

அந்த அக்கா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவங்க. எங்க அம்மாவும் அப்படித்தான். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போகணும். எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள நுழைவாங்க. வெட்டி முடிச்சு, மங்குல பால் இறங்குற வரைக்கும்தான் கொஞ்சம் ஓய்வு. அப்பதான் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவாங்க. தூக்குல பழைய சோறு, இல்லைன்னா மொத்தமா வெட்டின ரொட்டியைக் கோப்பி ஓவுல முக்கி. லீவு நாளில் நாங்களும் கூடப் போவோம். கொசுக்கடியிலும் அந்த ரொட்டி இனிச்சது. அந்தச் சீனிக் கோப்பியா, இல்லை அம்மா பக்கத்துல இருந்ததாலயான்னு இன்னைக்கும் தெரியலை.

தோட்டத்தை வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க, ஆளுக்கொரு பக்கம் டவுனுக்கு வந்தோம். ஆம்பளைங்க பேக்டரிக்கும் லோரிக்கும் போனோம். பல பொம்பளைங்களுக்கு ஆட்டுக்கல்லும் தோசைக்கல்லும்தான் தொழிலாச்சு. ஈப்போவில் புந்தோங் பக்கமோ லிட்டில் இந்தியா பக்கமோ காலையில் ஒட்டுக்கடை போட்டிருக்கிற அக்காமாரைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு ஏதாவது ஒரு தோட்டத்துப் பேரைச் சொல்வாங்க.

நம்ம ஊரு காலை நேரத்துக்கு ஈடு கிடையாதுன்னு நாங்க அடிச்சுச் சொல்வோம். பழைய டவுன் கோப்பிக்கடையில் வெள்ளைக் கோப்பி. பேருதான் வெள்ளை, கொட்டையை மார்ஜரின் மட்டும் போட்டு வறுப்பாங்க, கறுப்புக் கோப்பிக்குச் சீனியும் சேர்த்து வறுப்பாங்க, அதான் வித்தியாசம். கூடவே கரியடுப்பில் சுட்ட ரொட்டியில் காயா. மாமாக் கடையில் ரொட்டி சானாய். சென்னையில் இருந்து வந்த பேருன்னு சிலர், மலாயில் மாவைத் தேய்க்கிறதுக்குச் சொல்றதுன்னு சிலர். சண்டை எதுக்கு, சுடச்சுட வந்தா சரி. மோட்டார்ல வர்ற புட்டு மாயத்துக்குத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும். ஒரு வார்த்தை, தே தாரேக் கேட்கும்போது "கூராங் மானிஸ்"னு சேர்த்துச் சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு இனிப்புநீர் அதிகம். விரதக்காரங்க சானாய்க்குக் குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், சில கடையில் டால்சாவுல எலும்பு போடுவாங்க. நாசி லெமாக் சம்பல்ல நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும், அது வேற நாளைக்கு.

எங்க பேக்டரியில் ஏழு மணி ஷிப்ட். ஆறரைக்கே கேட்டுக்கு வெளியே மாக்சிக் கடையில் நேபாளிப் பையன், மலாய்க்கார டெக்னிஷியன், சீன ஸ்டோர்க்காரர், நாங்க எல்லாரும் ஒரே மேசை. எந்த மெஷின் மக்கர் பண்ணுது, யாரு பிள்ளைக்குக் காய்ச்சல்னு மீட்டிங்கில் தெரியாதது அங்க தெரியும். நடுவுல ரெண்டு வருஷம் நாங்களும் பாக்கெட் கோப்பியைக் கலக்கி மேசையிலேயே குடிச்சோம். நேரம் மிச்சம்னு நினைச்சோம். ஒரு பழைய ஆளு வேலையை விட்டு நின்னதே எங்களுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

அக்கா கடையும் அதே மாதிரிதான். பூஜை முடிஞ்சு வர்ற நம்மளோட, பக்கத்து வொர்க்‌ஷாப் சீனரும் ஸ்கூல் கார்டு பாக்சிக்கும் தோசைக்கு உட்காருவாங்க. மண்டபத்துக்குள்ள தட்டை வாங்கிக்கிட்டா அந்த மேசை காலி. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வியாபாரம் போனா, மத்த ஆறு நாளை வச்சு அவங்க மாவாட்ட முடியாது.

இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்கலாம். நியாயம். கேட்டரிங்குக்கு ஒதுக்குற காசை டோக்கனா போட்டு வயசானவங்களுக்கும் தேவாரம் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கும் கொடுப்போம், அக்கா கடையில் சாப்பிடட்டும். கணக்கை நாங்க பார்த்துக்கிறோம். மத்தவங்க காசு கொடுத்துச் சாப்பிடுவோம். அலங்கார வளைவுக்கு நூறு வெள்ளி எழுதுறோம், தோசை இருபது காசு ஏறினா முகத்தைச் சுளிக்கிறோம். நாங்களும் சுளிச்சிருக்கோம், ஒத்துக்கிறோம்.

தலைவர்கிட்ட இதையே வாயால சொல்லியாச்சு. உங்க கருத்தைக் கீழே எழுதுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கிறோம். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு நாங்க அக்கா கடையில்தான் இருப்போம். பத்துக்கெல்லாம் மாவு தீர்ந்துடும், லேட்டா வந்துட்டு எங்களைத் திட்டாதீங்க.