எட்டாத வயர்கள்

எல்லாவற்றையும் மின்னிலக்கமாக்கிவிட்டால் தவறே நேராது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏ380 விமானத்தின் வயர்கள்தான் நினைவுக்கு வரும்.

அந்த விமானத்தைப் பயணிகள் சேவைக்கு முதன்முதலில் விட்டது நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 2006ல் வந்திருக்க வேண்டியது, 2007 அக்டோபரில்தான் கைக்கு வந்தது. காரணம் எஞ்சினோ இறக்கையோ அல்ல. வயர் எட்டவில்லை!

ஒரு ஏ380க்குள் இருக்கும் வயர்களின் மொத்த நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். நீட்டிப் போட்டால் இங்கிருந்து ஏறக்குறைய ஈப்போ வரை போகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலை விமானத்தின் உடற்பகுதிகளைச் செய்து, வயர்க் கட்டுகளையும் பொருத்தி, பிரான்சின் துலூஸ் நகருக்கு அனுப்பியது. அங்கே இணைக்கப் போனால் பல இடங்களில் நுனிகள் சேரவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் வரைந்தவர்கள் பயன்படுத்தியது காட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பு. பிரான்சிலும் பிரிட்டனிலும் 5ஆம் பதிப்பு. ஒன்றில் வரைந்தது மற்றதில் சரியாக ஏறவில்லை. எடையைக் குறைக்க அலுமினிய வயர் வேறு; செம்பு வளைவதைப் போல அது வளையாது.

கடைசியில் ஜெர்மானிய ஊழியர்கள் துலூசுக்கே வந்து, வயர்களை உருவி, கையால் மறுபடி கோத்தார்கள். 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் ஏர்பஸின் தாய் நிறுவனப் பங்கு ஒரே நாளில் கால்வாசி சரிந்தது. அடுத்த மாதமே ஏர்பஸ் தலைவர் பதவி விலகினார்.

மென்பொருளைத் திட்டுவது எளிது. எல்லா ஆலைகளும் ஒரே பதிப்புக்கு மாறியாக வேண்டும் என்று முதலிலேயே மேலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் கருத்து.

"ரோபோவே விமானம் செய்யப்போகிறதே, என் மகன் இதைப் படித்து என்ன பயன்?" என்று அண்மையில் ஓர் அப்பா என்னிடம் கேட்டார். பையன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் சேரப்போகிறான். அவருக்குப் போயிங் 777 கதையைச் சொன்னேன்.

777இன் உடற்பகுதியில் சுமார் 60,000 ரிவெட் ஆணிகள் உண்டு. அவற்றை அடித்து அடித்துத் தொழிலாளர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் போய்விடும். அதனால் அமெரிக்காவின் எவரெட் ஆலையில் ரோபோக்களை இறக்கினார்கள். வெளியே ஒன்று துளையிட்டு ஆணியைச் செருக, உள்ளே இன்னொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பாதியில் நின்ற வேலையை ஆட்கள் முடிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் போராடிவிட்டு, 2019ல் அத்திட்டத்தைக் கைவிட்டார்கள்.

பழையபடி எல்லாம் கைவேலை ஆகிவிடவில்லை. விமானத்தின் உடலில் ஒட்டிய தண்டவாளத்தில் நகரும் சிறிய இயந்திரம் இப்போது துளையிடுகிறது. அந்தத் துளைகளில் ஆணியைச் செருகுவது மனிதர்கள்.