வடக்கிற்கு இடமில்லாத லீக்

2021-இல் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் சூப்பர் லீக்கைத் தொடங்கியபொழுது 10 கழகங்களைச் சேர்த்தது. வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுதானும் இல்லை! முப்படைகளுக்கோ மூன்று கழகங்கள். 2007-இல் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டபின் அவ்வூரில் முகாமமைத்த கடற்படைக்கு அணியுண்டு. முசலி இளைஞருக்கு இல்லை.

திறமை போதாது என்பரோ? தேசிய அணிக்கு ஆடிய டக்சன் பியூஸ்லஸ் மன்னார் மைந்தரல்லரா? மாலைதீவுக் கழகமொன்றுக்கு ஆடிவந்த காலத்திலேயே, 2022-இல், அவர் அங்கே மறைந்தார்.

பருவந்தோறும் எவரை எடுப்பது, எவரை விடுவது என்பதைத் தெற்கின் கழகங்கள் தீர்மானிக்க, எம் பிள்ளைகள் அவற்றின் வாசலிற் காத்துநிற்பதா? (தேர்வுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் பெற்றோர் தலையில்!) இனி அத்தகைய லீக் கூடுமாயின், முதலாட்டத்துக்கு முன்னரே மன்னார்க் கழகமொன்றின் பெயர் பட்டியலில் ஏறவேண்டும். வீரரை எடுத்துக்கொண்டு கழகத்தை மறுக்கும் ஏற்பாட்டுக்கு நாம் உடன்படோம்.