குட்டையில் தண்ணீர் நிற்கவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நிலம் வைத்திருப்பவர்களும், பண்ணைக்குட்டை வெட்டும் எண்ணத்தில் இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

சிவகங்கைச் சீமையில் இருக்கும் என் தங்கை மகன் சென்ற ஆவணியில் பண்ணைக்குட்டை வெட்டினான். நூறடிக்கு நூறடி, ஆறடி ஆழம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துச் செய்த வேலை. தீபாவளி மழையில் குட்டை நிரம்பியது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான், எல்லோரும் வாழ்த்தினோம். பத்தே நாளில் இரண்டடி தண்ணீரைக் காணோம்.

தங்கை போனில் அழுதாள். "அண்ணே, மண்ணுல போட்ட காசு மண்ணுக்குள்ளயே போயிருச்சு. தார்ப்பாய் விரிச்சாத்தான் தண்ணி நிக்குமாம். இருக்கிற வளையலையும் வைக்கச் சொல்றான்."

"ஒரு வாரம் பொறு" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிப் போனேன்.

நான் சொல்ல வருவது இதுதான். தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு போகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். காய்ச்சல் என்றவுடன் ஊசி போடச் சொல்வதும், குட்டை வற்றியதும் தார்ப்பாய் வாங்குவதும் ஒன்றுதான்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரையே முக்கால் பாகம் நிரப்பி, அடியில் கல்லைப் போட்டு, வாளியின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி குட்டைக்குள் கரையோரமாக வைத்தோம். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்தோம். வாளிக்குள்ளும் ஒரு கோடு. மழையில்லாத ஒரு முழு நாள் கழித்துப் பார்த்தோம். வாளியில் அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அது வெயிலும் காற்றும் குடித்தது. குட்டையில் 6 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. வித்தியாசமான 5.5 சென்டிமீட்டர் மண் வழியாகக் கசிந்தது.

கணக்குப் போடுங்கள். தண்ணீர்ப் பரப்பு சுமார் 800 சதுர மீட்டர். 5.5 சென்டிமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 44,000 லிட்டர். அதைக் கேட்டு மருமகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இரு மாப்பிள்ளை, தினமும் குச்சியைப் பார்த்து நோட்டில் எழுது" என்றேன். நாலைந்து நாளில் விடை வந்தது. மட்டம் இன்னும் ஓரடி இறங்கியதும், ஒரு நாளைக்கு ஆறு சென்டிமீட்டர் என்பது இரண்டாகக் குறைந்துவிட்டது. அப்படியென்றால் பெரிய கசிவு அந்த மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். வெளியே தெரிந்த சரிவைச் சுரண்டிப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் எட்டடி அகலத்துக்குச் சரளைக்கல் பட்டை ஒன்று ஓடியது. தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

சரளையை மூன்றடி ஆழத்துக்கு உள்வாங்கி வெட்டி எடுத்தோம். அனுமதி வாங்கிக் கண்மாய்க் கரம்பை கொண்டுவந்து, உருண்டை பிடிக்கும் பதத்தில் நனைத்து, அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தோம். மொத்தமாகக் கொட்டி மூடினால் நிற்காது. மற்றச் சரிவுகளிலும் கரம்பையைப் பூசி மிதித்தோம். நடவுக்குச் சேறடித்த வயலில் தண்ணீர் எப்படி நிற்கிறதோ, அதே விஷயம்தான் இது.

கார்த்திகை மழையில் குட்டை மறுபடி நிரம்பியது. இப்போது நாளொன்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. முழுக்க நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் குட்டை முதல் வருடம் அதிகம் குடிக்கும். வண்டல் படியப் படியக் குறையும். கசிகிற தண்ணீர் எல்லாம் வீணும் இல்லை, ஒரு பங்கு நிலத்தடிக்குப் போகிறது. வளையல் தங்கையின் கையிலேயே இருக்கிறது.

தார்ப்பாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுக்க மணலாகவோ சரளையாகவோ உள்ள நிலத்தில் அது தேவைப்படலாம். ஆனால் அதை விரித்தால் கிணற்றுக்கு ஒரு சொட்டு ஊறாது. மாட்டின் குளம்பு பட்டால் கிழியும். முக்கியமாக, வழுக்கும். உள்ளே விழுந்த ஆடும் மாடும் ஏற முடியாது, குழந்தையும் ஏற முடியாது. விரிப்பவர்கள் சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே முடிச்சுப் போட்ட கயிற்றையும் தொங்கவிடுங்கள்.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. "தாழ்ந்த மூலையில் வெட்டு, தண்ணீர் தானாக வந்து சேரும்" என்று இடம் காட்டியவன் நான்தான். தண்ணீர் வரும் வழியைப் பார்த்தேனே தவிர, அது நிற்கும் மண்ணைப் பார்க்கவில்லை. பெரியவர் சொன்னாரே என்று அவனும் கேட்கவில்லை. வயதுக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு என் பேச்சைக் கேளுங்கள்!

ஐந்தாம் வகுப்பில் கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்போமே, நினைவிருக்கிறதா? மணல் முதலில் அடியில் இறங்கும், களி கடைசியில் படியும். மதிப்பெண்ணுக்காக அதைச் சொல்லித் தரவில்லை, இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

இந்தக் கோடையில் குட்டை வெட்டப் போகிறவர்களுக்கு வேண்டுகோள். ஜேசிபி வருவதற்கு முன்பு நாலு மூலையிலும் நடுவிலும், குட்டை எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குச் சோதனைக் குழி போடுங்கள். அடிக்கு ஒரு பிடி மண் எடுத்து நனைத்து உருட்டுங்கள். திரியாகத் திரண்டால் களி இருக்கிறது. உதிர்ந்தால் யோசியுங்கள். மாலையில் குழியில் தண்ணீர் ஊற்றி, காலையில் போய்ப் பாருங்கள். கூலி ஒரு நாள்தான் ஆகும்.

குழி போட்டவர்கள் என்ன மண் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்