பூஜ்யத்தில் தொடங்கும் டயல்



மூன்று பழைய தொலைபேசிகளின் படங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மூன்றும் ஸ்காண்டிநேவியாவில் வாழ்ந்தவை. ஒன்று கோபன்ஹேகனில், ஒன்று ஸ்டாக்ஹோமில், ஒன்று ஒஸ்லோவில். சற்றுத் தள்ளிப் பார்த்தால் மூன்றும் ஒரே குடும்பம்தான். கறுப்பு உடல், வட்ட டயல், பத்துத் துளைகள், வலது ஓரத்தில் விரல் முட்டி நிற்க ஒரு சின்ன உலோகக் கொக்கி. துளைகளுக்குள் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போதுதான் ஆச்சரியம் தொடங்குகிறது.

கோபன்ஹேகன் டயல் நம் வீடுகளில் இருந்தது போலத்தான். கொக்கிக்கு மிக அருகில் 1, அப்புறம் 2, 3 என்று போய் கடைசித் துளையில் 0. ஸ்டாக்ஹோம் டயலில் கொக்கியை ஒட்டி நிற்பது 0. அடுத்துதான் 1, கடைசித் துளையில் 9. ஒஸ்லோ டயலோ தலைகீழ். கொக்கிக்குப் பக்கத்தில் 9, பிறகு 8, 7, 6 என்று இறங்கி 1 வரைக்கும் வந்து, 0 மட்டும் வழக்கம்போலக் கடைசியில். அதிலும் இது ஒஸ்லோவின் வழக்கம் மட்டுமே. அதே நார்வேயில் பெர்கன் நகரத்து வீட்டில் இருந்த டயல் கோபன்ஹேகன் வரிசையில் இருந்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிந்துகொள்ள, டயல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். விரலை விட்டுச் சுழற்றும்போது எதுவும் நடப்பதில்லை. உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். விரலை எடுத்ததும் டயல் 'கிர்ர்' என்று திரும்பி வருகிறதே, அப்போதுதான் வேலை. இரண்டு உலோகத் தகடுகள் விலகிச் சேர்ந்து, விலகிச் சேர்ந்து, கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து விடுகின்றன. வினாடிக்குச் சுமார் பத்துத் துடிப்புகள். நாம் அவசரப்பட்டாலும் நிதானமாக இருந்தாலும் வேகம் மாறாதபடி உள்ளே ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் உண்டு. கொக்கிக்கு அடுத்த துளை என்றால் ஒரு துடிப்பு. கடைசித் துளை என்றால் பத்து. எக்ஸ்சேஞ்ச் அந்தத் துடிப்புகளைத்தான் எண்ணுகிறது. துளைக்குள் 1 என்று எழுதியிருக்கிறதா 9 என்று எழுதியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. எந்தத் துடிப்புக்கு எந்த எண் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

பேசி வைத்துக்கொண்டதன் விளைவுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஸ்டாக்ஹோம் போனைக் கோபன்ஹேகனுக்குத் தூக்கிப் போய் மாட்டி 234 என்று சுழற்றினால் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேருவது 345. எல்லாமே ஒன்று கூடிவிடும். ஒஸ்லோ போனைப் பெர்கனில் மாட்டினால் 123 என்பது 987 ஆகிவிடும். ஆனால் அந்த ஒஸ்லோ டயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: 5 இருக்கும் துளைக்கு ஐந்து துடிப்பு, 0 இருக்கும் துளைக்குப் பத்துத் துடிப்பு. தலைகீழாக்கியும் இந்த இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறவில்லை. ஐந்துகளும் பூஜ்யங்களும் மட்டுமே கொண்ட ஒரு நம்பர் உங்களுக்கு வாய்த்திருந்தால், நார்வேயில் எந்த ஊர் போனிலிருந்தும் அதைப் பிழையில்லாமல் சுழற்றியிருக்கலாம்.

ஆபத்து நேரத்தில் அழைக்கும் எண்ணுக்கு வருவோம். ஸ்வீடனில் 1956-இல் அதற்கென்று வந்த எண் 90000. நம் பழக்கத்தில் பார்த்தால் இது கொடுமையான எண். நம் டயலில் 9-க்கு ஒன்பது, நான்கு பூஜ்யங்களுக்கு நாற்பது, ஆக 49 துடிப்புகள். டயல் திரும்பி வரவே ஐந்து வினாடி. வீடு பற்றி எரியும்போது பூஜ்யம் பூஜ்யமாகச் சுழற்றிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஸ்வீடன் டயலில் கணக்கே வேறு. 9-க்குப் பத்து, ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் ஒன்று, மொத்தமே 14. கண்ணுக்கு நீளமாகத் தெரிந்த எண் கைக்கு ஒன்றரை வினாடி வேலை. டென்மார்க்கின் பழைய அவசர எண் 000-வுக்கு 30 துடிப்பு, பிரிட்டனில் 1937-இல் வந்த 999-க்கு 27 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, 90000-ஐ இருட்டிலும் சுழற்றலாம். விரலால் தடவிக் கடைசித் துளையை ஒரு முறை, முதல் துளையை நான்கு முறை. காற்றில் கம்பிகள் உரசினால் எக்ஸ்சேஞ்சுக்கு ஒற்றைத் துடிப்புகள் தவறுதலாகப் போவதுண்டு. பத்துத் துடிப்பில் தொடங்கும் எண்ணுக்கு அந்தத் தொல்லையும் குறைவு. வெறும் எண்ணாகப் பார்ப்பவருக்கு 90000-இன் அருமை தெரியாது. அது பிறந்த டயலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒஸ்லோ வரிசைக்கு உலகின் மறுகோடியில் ஒரு ஜோடியும் உண்டு: நியூசிலாந்து. அங்கேயும் 9 முதல் 1 வரை தலைகீழ் வரிசை, கடைசியில் 0. 1958-இல் மாஸ்டர்டன், கார்டர்டன் என்ற ஊர்களில் முதன்முதலாக அவசர அழைப்பு எண் வந்தபோது 111 என்று வைத்தார்கள். அந்த டயலில் 1-க்கு ஒன்பது துடிப்பு. அதாவது பிரிட்டனின் 999 போகும் அதே துடிப்புகள்தான் நியூசிலாந்தின் 111-க்கும் போயின. பிரிட்டிஷ் கருவிகளைப் பெரிதாக மாற்றாமல் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது.

மூன்று வரிசைகளில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், என் ஓட்டு ஸ்வீடனுக்கு. ஒன்றுக்கு முன்னால் பூஜ்யம் என்பதுதானே கணக்கு! 1 என்று எழுதிய துளை இரண்டு துடிப்பு அனுப்புகிறதே என்று பொறியாளர்கள் முகம் சுளிக்கலாம். போனைப் பயன்படுத்துகிறவர் துடிப்பை எண்ணுவதில்லை. வரிசையில் எண்ணைத் தேடுகிறார். 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிக் காட்டிய நாடு ஸ்வீடன். அப்படிப்பட்ட நாடும் டயலைத் தொடவில்லை. பொத்தான் தொலைபேசி வந்த பிறகுதான் இந்த வேறுபாடுகள் தாமாக மறைந்தன. 1996-இல் 90000 போய் ஐரோப்பாவின் பொது எண்ணான 112 வந்தது.

இந்த டயல் போன்களில் சில அழகிலும் பெயர் பெற்றவை. 1930களின் தொடக்கத்தில் வந்த, எரிக்சன் நிறுவனத்தின் பேக்லைட் போனுக்கு உருவம் கொடுத்தவர் ஜீன் ஹைபர்க் என்ற நார்வே ஓவியர். பாரிஸில் ஓவியர் மத்தீஸிடம் பயின்றவர். உள் அமைப்பைச் செய்தவர் யோஹான் கிறிஸ்டியன் பியர்க்னெஸ் என்ற பொறியாளர். பழைய பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எண் வரிசை 'தப்பாக' இருக்கிறதென்றோ, இன்றைய இணைப்பில் வேலை செய்ய வேண்டுமென்றோ டயலைக் கழற்றிவிட்டு வேறு டயல் மாட்டிவிடாதீர்கள். எரிக்சன் தொலைபேசிகள் பல நாடுகளுக்குப் போயின. பெயரைப் பார்த்து ஒரு போன் எங்கே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. டயலைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய டயலை ஒரு உறையில் போட்டுப் போனுடனேயே வைத்திருங்கள்.

நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருக்கும் நம் வாசகர்களுக்குத் தனியாக ஒரு சொல். இலங்கையிலிருந்து 1970களிலும் 80களிலும் ஒஸ்லோவுக்குப் போய்க் குடியேறியவர்கள் உங்களில் பலர். அந்தத் தலைகீழ் டயலில் நீங்கள் விரல் வைத்திருந்தால், முதல் தடவை எந்த எண்ணைத் தேடித் தடுமாறினீர்கள், பெர்கனில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனபோது என்ன ஆயிற்று என்று எங்களுக்கு எழுதுங்கள். போன் இன்னும் கைவசம் இருந்தால் டயல் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமும் அனுப்புங்கள். வரும் கடிதங்களை வாசகர் பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்